காத்து என்கிற ஒரே சொல்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பூக்கடைகளையும் புடவைக் கடைகளையும் தாண்டி ஏதாவது ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து, கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் பாருங்கள். ஓமத் தண்ணீர் போத்தல், பக்கத்திலேயே கிரைப் வாட்டர், ஈனோ பொட்டலங்கள், போ சாய் மாத்திரை, கோடாலித் தைலம், டப்பாவில் பெருங்காயம். மூன்று இனத்தாரின் வயிற்று வைத்தியமும் ஒரே தட்டில் தோளோடு தோள் நிற்கும். வருகிறவர்களில் பாதிப்பேர் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. "அண்ணே, காத்துக்கு என்ன இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தச் சொல் நமக்கு மட்டும் உரியதன்று. வயிறு ஊதினாலும் உடம்பு குத்தினாலும் மலாய்க்காரர் ‘ஆங்கின்’ என்பார். அதற்கும் காற்று என்றே பொருள். சீனர் வீட்டில் அதுவே ‘ஃபுங்’. நம் சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று எண்ணும்போது முதலில் நிற்பது வளி. மூன்று பெரிய வைத்திய மரபுகள் வயிற்றைப் பற்றி ஒரே பாஷையில் பேசும் நாடு இது. சிங்கப்பூரில் 1928இல் லியூங் யுன் சீ தொடங்கிய கோடாலித் தைலம் எந்த இனத்து வீட்டிலும் அந்நியமாகத் தெரியாததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். பேச்சுக்கு ஒரே சொல் போதும். வைத்தியத்துக்குப் போதாது. விழுங்கிய காற்று, குடலில் புளித்து எழும் வாயு, வாயு கூடாமலே வயிறு மட்டும் முன்தள்ளுவது, மலச்சிக்கல், இரைப்பைப் புண், சில நேரம் மாரடைப்பு, இத்தனையையும் நாம் காத்து என்கிறோம். எல்லாவற்றுக்கும் அதே தட்டிலிருந்து மருந்தும் எடுக்கிறோம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் எடுத்தேன். மருந்துக் கடைக்குப் போகாமல் வாயுவைத் தணிக்க என்னென்ன வழி உண்டு, அவற்றில் எது நம் அடுப்படிக்கும் நம் அன்றாடத்துக்கும் பொருந்தும் என்று தேடத் தொடங்கியபோது, முதலில் செய்ய வேண்டியது இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பதுதான் என்று புரிந்தது.

நலமாக இருக்கும் ஒருவருக்கு நாளுக்கு 10 முதல் 20 தடவை வாயு பிரியும். அளவு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை இருக்கும். அதில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் நைட்ரஜன், ஆக்சிஜன், கரியமில வாயு, ஹைட்ரஜன், மீத்தேன் ஆகியவை. இவற்றுக்கு மணமே கிடையாது. நாற்றத்துக்குக் காரணம் துளியளவு கந்தகச் சேர்மங்கள்தான். ஏப்பமாக மேலே வருவது பெரும்பாலும் நாம் விழுங்கிய காற்று. கீழே போவது, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கிய மாவையும் சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் தின்று வெளியிடுவது. ஏப்பக்காரருக்கு உணவை மாற்றிப் பயனில்லை, உண்ணும் விதத்தை மாற்ற வேண்டும். கீழ்வாயுக்காரருக்கு நேர்மாறு.

மூன்றாவது வகைதான் பலருக்கும் புதிராக இருப்பது. காலையில் தட்டையாக இருந்த வயிறு மாலைக்குள் பாவாடை நாடாவை அவிழ்க்க வைக்கும் அளவுக்கு உப்பும். உள்ளே காற்று நிறைந்துவிட்டது என்றே எவரும் நினைப்பார். ஸ்பெயினின் பார்சலோனாவில் பெர்னாண்டோ அஸ்பிரோஸ் குழுவினர் இப்படிப்பட்டவர்களின் வயிற்றைப் படம் எடுத்து அளந்தார்கள். பெரும்பாலோரிடம் வாயு குறிப்பிடும்படி கூடியிருக்கவில்லை. சாப்பிட்டதும் மேலே ஏறி இடம்கொடுக்க வேண்டிய உதரவிதானம் கீழே இறங்கியது. இறுகிப் பிடிக்க வேண்டிய வயிற்றுத் தசை தளர்ந்தது. இருந்த காற்றே முன்னால் தள்ளப்பட்டது. இப்படிப்பட்டவர் ஈனோவும் ஓமமும் எத்தனை குடித்தாலும் வயிறு இறங்காது. மூச்சையும் தசையையும் பழக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன். வயிற்று உப்புசம் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு என்று பல நாடுகளில் எடுத்த கணக்கு சொல்கிறது. "உனக்கு எப்பப் பாரு வயிறு" என்று வீட்டில் கேட்கப்படும் அக்காமார்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர்கள் படும் பாடு கற்பனையன்று.

இனி அடுப்படிக்கு வருவோம். என் கணிப்பில் முக்கால்வாசித் தீர்வு அங்கேதான் கிடக்கிறது.

புரட்டாசி மாதம் கிள்ளானில் இருந்தவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலை நிரம்பி வழியும். வீடுகளில் மாதம் முழுக்கச் சைவம். கோழியும் மீனும் போன இடத்தில் பருப்பு, பயறு, கொண்டைக்கடலை வந்து உட்காரும். நவராத்திரியும் சேர்ந்துகொண்டால் நாளுக்கு ஒரு சுண்டல். போதாததற்குக் கோதுமைப் பசையத்திலும் சோயாவிலும் செய்த சைவக் கோழி, சைவ மீன். இரண்டாம் வாரத்துக்குள் வீட்டில் எல்லாருக்கும் வயிறு கல்போல ஆகும். விரதம் உடம்புக்கு ஆகவில்லை என்று சிலர் பாதியில் விடுவார்கள்.

ஆகாதது விரதமன்று. பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றைப் பிளக்கும் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி மனிதக் குடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகின்றன. ஆனால் அவை தண்ணீரில் கரையும். என் அம்மா கடலையை இரவே ஊறப்போடுவார், காலையில் அந்தத் தண்ணீரை வாசல் வாழைக்குக் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு தடவை அலசிப் புதுத் தண்ணீரில் வேகவைப்பார். சத்து போய்விடுமே என்று ஊறிய தண்ணீரிலேயே வேகவைக்கும் இன்றைய பழக்கம்தான் வயிற்றைக் கெடுக்கிறது. நம் வெக்கையில் இரவெல்லாம் வெளியே வைத்தால் நுரைத்துப்போகும் என்று பயந்தால் ஐஸ்பெட்டியில் வைத்து ஊறவிடலாம். டின் கடலை வாங்குகிறவர்களும் உள்ளே இருக்கும் வழவழப்பான நீரைக் கொட்டி நன்றாக அலச வேண்டும். முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவிடுவதும் அந்தச் சர்க்கரைகளை மேலும் குறைக்கும். உளுந்து இட்லியாக வரும்போது அமைதியாகவும் வடையாக வரும்போது முரடாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம். எண்ணெய் இன்னொன்று.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது பழக்கம். அமெரிக்காவில் பல வாரங்கள் நாள்தோறும் அவரை வகை உண்ணச் செய்து நடத்திய மூன்று சோதனைகளின் முடிவை 2011இல் வெளியிட்டார்கள். முதல் வாரத்தில்கூட வாயு கூடியது என்று சொன்னவர்கள் எல்லாரும் இல்லை, ஒரு பகுதியினரே. வாரங்கள் போகப்போக அவர்களிலும் பெரும்பாலோருக்கு அது அடங்கியது. குடலின் நுண்ணுயிர்க் கூட்டம் புதிய தீனிக்குத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆகவே புரட்டாசி முதல் நாளே தட்டை மாற்றாமல், ஆவணிக் கடைசியிலிருந்தே இரண்டு மூன்று கரண்டி பயறைச் சேர்த்துக்கொண்டு வந்தால் மாதம் சுகமாகக் கழியும். எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம்.

அடுத்தது வெங்காயமும் பூண்டும். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005இல் ‘ஃபாட்மேப்’ என்ற பெயரை அறிமுகம் செய்தார்கள். குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் எளிதில் புளித்துப்போகும் சர்க்கரை வகைகளுக்கான பொதுப்பெயர் அது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு, பால், முந்திரி, மாம்பழம், தர்ப்பூசணி எல்லாம் அதில் வரும். இவற்றை இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, தனக்கு எது ஆகாது என்று கண்டுகொள்வதே முறை. எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது உதவுகிறது. ஆனால் நம் ஆட்கள் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பட்டியலை வெட்டி ஐஸ்பெட்டியில் ஒட்டி, ஆண்டுக் கணக்கில் எதையும் தொடாமல் மெலிந்துபோனவர்களை எனக்குத் தெரியும். நீண்ட நாள் விலக்கினால் குடலின் நல்ல நுண்ணுயிர்களும் குறையும். உணவியல் நிபுணர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய காரியம் இது.

வெங்காயம் இல்லாமல் குழம்பா என்று கேட்பீர்கள். வெங்காயம், பூண்டில் உள்ள ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சாம்பாரில் வெந்த சின்ன வெங்காயத்தை இலை ஓரத்தில் ஒதுக்கிவைப்பதால் ஒன்றும் ஆகாது, ஃப்ரக்டான் ஏற்கெனவே சாற்றில் இறங்கிவிட்டது. ஆனால் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை கிடைக்கும், வாயு கிடைக்காது. வெங்காயமும் பூண்டும் சேர்க்காத கோயில் மடைப்பள்ளிகள் அந்த மணத்தைப் பெருங்காயத்தால் ஈடுகட்டி வந்திருக்கின்றன. பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பகுதிகளில் வளரும் ஒரு செடியின் வேர்ப்பால். பம்பாயில் 1894இல் தொடங்கிய லால்ஜி கோது நிறுவனத்தின் எல்ஜி டப்பா இன்று பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிடைக்கிறது. இந்திய மண்ணில் அதைப் பயிரிட இமாசலப் பிரதேசத்து லாஹவுல் பள்ளத்தாக்கில் 2020இல்தான் கன்று நட்டார்கள். பெருங்காயம் வாயுவை வெளியேற்றுகிறதா என்பதற்கு மனிதர்களிடம் செய்த பெரிய ஆய்வுச் சான்று கிடையாது. வெங்காயத்தின் இடத்தை அது பிடிக்கிறது என்பதே எனக்குப் போதுமான பயனாகத் தெரிகிறது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையே ஆகாத சீலியாக் நோயாளிகள் மட்டும் கவனிக்க வேண்டும்.

கோதுமை என்றதும் இன்னொரு விஷயம். மலேசியாவில் 2023இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே விகிதம் அதிகம். சர்க்கரை வந்ததும் நம் வீடுகளில் நடக்கும் முதல் மாற்றம், இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வருவது. அரிசி மாவு ஏறக்குறைய முழுவதும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். கோதுமை, உருளைக்கிழங்கு, சோளம், பயறு இவற்றோடு ஒப்பிட்டு 1980களில் அமெரிக்காவில் செய்த மூச்சுச் சோதனைகளில் அரிசிதான் மிகக் குறைவாக வாயு எழுப்பியது. சோறுதான் வாயு என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. அதற்காகச் சர்க்கரைக்காரர் இஷ்டத்துக்குச் சோறு சாப்பிடலாம் என்று சொல்லவரவில்லை. அளவான சோறும் நிறையக் காயும் என்பது மூன்று சப்பாத்தியைவிட அவர் வயிற்றுக்கு இதமாக இருக்கக்கூடும் என்றுதான் சொல்கிறேன். அதே நேரத்தில் தொடங்கிய மெட்ஃபார்மின் மாத்திரையும் பலருக்கு வயிற்றைப் பொருமச் செய்யும். அக்கார்போஸ் இன்னும் அதிகம். ‘சீனி இல்லை’ என்று அச்சிட்ட மிட்டாயில் இருக்கும் சார்பிட்டாலும் அப்படியே. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மின் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

பாலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மாமாக் கடைக்குத் துரோகம். மலேசியரின் மூன்று இனத்தாரிடமும் செய்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வொரு இனத்திலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு என்று தெரிந்தது. இது நோயன்று, ஆசியப் பெரியவர்களின் இயல்பு. நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் ஒரு கோப்பைப் பாலைத் தாங்குவார்கள். எனவே காலையில் ஒரு தே தாரிக் குற்றவாளி இல்லை. பசியாறும்போது ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மதியம் ஒன்று, இரவு நண்பர்களோடு ஒன்று, இடையில் மைலோ என்று அடுக்கும்போதுதான் கணக்கு மீறுகிறது. இரண்டு வாரம் தே ஓவுக்கு மாறிப் பாருங்கள். வயிறு அடங்கினால் விடை கிடைத்தது. இஞ்சி போட்ட தே ஹாலியாவை மருந்தாக நினைத்துக் குடிப்பவர்கள் அதிலும் டின் பால் உண்டு என்பதை மறக்கக்கூடாது. தயிரில் பால் சர்க்கரை ஓரளவு குறைந்திருக்கும், அதிலுள்ள நுண்ணுயிர்களே மீதியைச் செரிக்கவும் உதவும். வாழையிலைச் சாப்பாட்டின் கடைசியில் மோர் ஊற்றும் வழக்கத்தில் நியாயம் இருக்கிறது.

உணவு போதும். உண்ணும் விதம்.

இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடைகளின் நகரம் இது. துறைமுகக் கிள்ளானில் இரவு ஷிப்ட் முடித்து வரும் லோரி ஓட்டுநருக்கு விடியற்காலை இரண்டு மணிக்கு ரொட்டி சானாயும் பருப்பும் கிடைப்பது பெரிய வரம். அந்த ரொட்டியை ஐந்து நிமிடத்தில் விழுங்கி, படுத்து, எழுந்து மறுபடி வண்டி எடுப்பதுதான் தொல்லை. வேகமாக உண்பவர் காற்றையும் சேர்த்து விழுங்குகிறார். நாம் பிளாஸ்டிக் பையில் கட்டித் தாப்பாவ் வாங்கும் பானத்தை உறிஞ்சு குழாயில் இழுக்கும்போதும் அப்படியே. சுவிங்கமும் அப்படியே. வயிறு சரியில்லை என்றால் உடனே கையில் எடுக்கும் ஹண்ட்ரட் பிளஸ் 1983இலிருந்து நம்மோடு இருக்கிறது. ஆனால் அது கரியமில வாயு ஏற்றிய பானம். உப்பிய வயிற்றுக்கு மேலும் வாயுவை ஏன் அனுப்ப வேண்டும்?

மலேசியத் தமிழர்களாகிய நாம் காலை உணவைப் ‘பசியாறுதல்’ என்கிறோம். அருமையான சொல். ஆறுவதற்கு முதலில் பசி வர வேண்டும். இரண்டு உணவுக்கு நடுவில் வயிறு காலியாக இருக்கும்போது, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, ஓர் அலை இரைப்பையிலிருந்து கிளம்பிச் சிறுகுடல் முழுவதையும் பெருக்கிக்கொண்டு போகும். மீந்த உணவும் நுண்ணுயிரும் அதனால்தான் கீழே இறங்குகின்றன. முறுக்கு, கச்சாங், பிஸ்கட் என்று கொறித்துக்கொண்டே இருந்தால் அந்த அலை எழும்புவதே இல்லை. மூன்று நான்கு மணி நேர இடைவெளி என்பது எந்தக் கஷாயத்துக்கும் குறையாத மருந்து, செலவும் கிடையாது.

இப்போது தட்டில் இருக்கும் மருந்துகளைப் பார்க்கலாம். இஞ்சி இரைப்பையை விரைவாகக் காலி செய்கிறது என்பது சோதனைகளில் தெளிவு. ஆனால் செரிமானக் கோளாறு உள்ளவர்களிடம் தைவானில் செய்த ஆய்வில் இரைப்பை விரைந்து காலியானதே தவிர, அவர்கள் உணரும் தொல்லை பெரிதாக மாறவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஒரு துண்டு இஞ்சியால் கெடுதி ஒன்றும் இல்லை, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் அளவு மீறக்கூடாது. புதினா எண்ணெய்க்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது. எரிச்சல் குடல் நோய்க்கு அதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கம் 2021இல் பரிந்துரைத்தது. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அது ஆகாது. ஓமத்தின் தைமால், சோம்பு, சீரகம் எல்லாம் ஆய்வுக்கூடத்தில் குடல் தசையைத் தளர்த்துகின்றன. மனிதர்களிடம் சான்று மெலிது. ஆனாலும் ஒரு தம்ளர் சோம்புத் தண்ணீர் யாரையும் கெடுக்கப் போவதில்லை, வெந்நீரின் இதமே பாதி வைத்தியம். சாப்பிட்டதும் வெற்றிலை பாக்கு போடும் பாட்டிகளிடம் மட்டும் நான் கெஞ்சிக் கேட்பது உண்டு. பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதி செய்தது. மலேசியாவில் வாய்ப்புற்று அதிகம் தாக்குவது இந்தியர்களை, அதிலும் பெண்களை. பாக்குக்குப் பதில் சோம்பு மென்றால் போதும்.

குழந்தைகளின் விஷயத்தில் எனக்குச் சமாதானம் கிடையாது. வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது நம் தாய்மார்களின் வழக்கம். அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் வைத்திருக்கிறோம். வசம்பிலுள்ள பீட்டா அசரோன் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வுட்வர்ட் என்ற மருந்துக்காரர் உருவாக்கியது. தொடக்கத்தில் அதில் சாராயமும் இருந்தது. குழந்தை அடங்கியதில் வியப்பில்லை. இன்றைய போத்தலில் சாராயம் இல்லை, ஆனால் முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்பதுதான் சரியான அறிவுரை. தைலத்திலும் கவனம் தேவை. கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலத்தைக் கைக்குழந்தைக்குத் தடவக்கூடாது. நம் நாட்டில் பிறந்த உடனே தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு சோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தையின் பக்கத்திலேயே இத்தைலங்கள் வரக்கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புவதைப் பாட்டிமாரிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். எதுவும் தடவாமல், வெதுவெதுப்பான உள்ளங்கையால் வலஞ்சுழியாக வயிற்றை வருடி, கால்களை மெல்ல மடக்கி நீட்டினாலே போதும்.

ஈனோ சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து நுரைப்பது. அதுவே வாயுவை உண்டாக்கி ஓர் ஏப்பத்தை வரவழைக்கிறது, நாம் அதை நோய் வெளியேறுவதாக எடுத்துக்கொள்கிறோம். சோடியம் மிகுந்தது. இரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் நாள்தோறும் குடிக்கக்கூடாது. சூரணம், ஜாமு, லேகியம் வாங்குகிறவர்கள் பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கி ‘டி’ என்ற எழுத்தோடு முடியும் பதிவெண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது மலேசிய அரசு பதிவு செய்த பாரம்பரிய மருந்து என்பதற்கான அடையாளம். பதிவில்லாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். சித்தம், ஆயுர்வேதம் பார்ப்பவர்களை முறைப்படுத்த 2016இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. திரிகடுகத்திலும் அஷ்ட சூரணத்திலும் நம்பிக்கை உள்ளவர்கள் பதிவு பெற்ற வைத்தியரிடம் போகலாமே, முகமறியாத விற்பனைக்காரரிடம் ஏன் போக வேண்டும்?

உடம்பை அசைப்பதற்கு வருகிறேன். நிமிர்ந்து நிற்கும்போது குடல் வாயுவை எளிதாக நகர்த்துகிறது, படுத்தால் தேங்குகிறது. மெல்லிய உடற்பயிற்சி அதை இன்னும் வேகப்படுத்துகிறது. இரண்டையும் பார்சலோனாக்காரர்களே அளந்து காட்டினார்கள். ஈரானில் 2021இல் வெளியான ஒரு சோதனையில், சாப்பிட்டதும் 10 முதல் 15 நிமிடம் நடந்தவர்களுக்கு, வயிற்றை விரைவுபடுத்தும் மாத்திரை எடுத்தவர்களைப் போலவே உப்புசம் குறைந்தது. பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கும் நாங்கள் சிலர் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஜாலான் துன் சம்பந்தனில் நிழல் இருக்கும் பக்கமாகக் கேஎல் சென்ட்ரல் வரை போய்த் திரும்புகிறோம். மாலையில் கிள்ளானுக்குக் கொம்யூட்டர் ரயிலில் ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட நின்றுகொண்டு வருவது வயிற்றுக்கு நல்லது என்று அனுபவத்தில் கண்டிருக்கிறேன். யோகத்தில் பவனமுக்தாசனம் என்று பெயரிலேயே காற்றை விடுவிக்கும் ஆசனம் இருக்கிறது. மல்லாந்து படுத்து, முழங்காலை மார்போடு அணைத்துக்கொள்வது. எழுபது வயதுக்காரரும் படுக்கையிலேயே செய்யலாம்.

முன்னால் சொன்ன முன்தள்ளும் வயிற்றுக்கு மருந்து மூச்சுதான். ஒரு கையை மார்பிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டு, மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுவது. சாப்பிட்ட பின் ஐந்து நிமிடம். பார்சலோனாவில் கருவியின் துணையோடு தசையைக் கட்டுப்படுத்தப் பழக்கியபோது வயிற்றின் சுற்றளவே குறைந்தது.

மலச்சிக்கலைத் தனியாகச் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அது எல்லாவற்றோடும் கலந்திருக்கிறது. வழி அடைத்திருந்தால் வாயு எங்கே போகும்? 2019 தேசிய ஆய்வில் மலேசியரில் நூற்றுக்கு 95 பேர் போதிய காயும் பழமும் உண்பதில்லை என்று வந்தது. தவிட்டைவிட இசப்கோல் வயிற்றில் குறைவாகப் புளிக்கும். பப்பாளி மலிவு. நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டாமல் வாரம் வாரமாகக் கூட்ட வேண்டும், தண்ணீரையும் சேர்த்து.

இதெல்லாம் சாதாரண வாயுவுக்கு. எது சாதாரணமில்லை என்பதை அறிய, மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பேராசிரியர் கோ கீன் லீ குழுவினர் பல்லாண்டு செய்த பணி நமக்கு நேரடியாகப் பயன்படுகிறது. இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி மலாய்க்காரரிடம் மிகக் குறைவாகவும் சீனர், இந்தியரிடம் அதிகமாகவும் இருப்பதை அவர்கள் காட்டினார்கள். ஆண்டுக் கணக்கில் ‘கேஸ்ட்ரிக்’ என்று சொல்லிக்கொண்டு மாத்திரை விழுங்கும் ஒரு தமிழர், ஒரு தடவையாவது அந்தக் கிருமிக்கு மூச்சுச் சோதனை கேட்பது நியாயம். இருந்தால் இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் போய்விடும். அதே பல்கலைக்கழகத்தின் சஞ்சீவ் மகாதேவா குழு 2010இல் வெளியிட்ட ஆய்வுகளில் நகரத்தாரில் நூற்றுக்குச் சுமார் 24 பேருக்கும் கிராமத்தாரில் சுமார் 15 பேருக்கும் செரிமானத் தொல்லை இருந்தது. அத்தனை பேருக்கும் உள்நோக்கிச் சோதனை தேவைப்படாது. ஆனால் காரணமின்றி எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, இரத்தசோகை இருந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ ஓமம் தேடிக்கொண்டிருக்கக்கூடாது. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக வந்த உப்புசம் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் கருப்பையைப் பார்ப்பதோடு சினைப்பையையும் ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும், சினைப்பைப் புற்று அப்படித்தான் ஓசையின்றி வருகிறது. ஐம்பது வயது முதல் எழுபத்தைந்து வரை அரசாங்க கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெஞ்சைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் சித்தப்பாவுக்கு ஓர் இரவு மேல்வயிற்றில் காத்து அடைத்தது. ஈனோ குடித்தார், தைலம் தேய்த்தார், சித்தி முதுகில் தட்டினார். மூன்று மணி நேரம் அப்படிப் போனது. வியர்த்துக் கொட்டி இடது தோள் கனத்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றினார். மாரடைப்பு. பிழைத்தார், ஆனால் இதயத்தின் ஒரு பகுதி பிழைக்கவில்லை. மலேசிய இந்தியர்களுக்கு மாரடைப்பு மக்கள்தொகைப் பங்கை மிஞ்சி வருகிறது, மேலை நாட்டாரைவிட இளம் வயதிலும் வருகிறது. நீரிழிவுக்காரருக்கு நெஞ்சு வலியே தெரியாமல் வயிற்று மந்தமாக மட்டும் வரலாம். மேல்வயிறோ நெஞ்சோ இறுகி, வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ தோளுக்கோ பரவுதல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் 999. ஏப்பம் விட்டதும் கொஞ்சம் லேசானது என்பதை நம்பி உட்காரக்கூடாது.

கிளினிக்கில் மருத்துவர் நமக்காக ஒதுக்கும் நேரம் சில நிமிடம்தான். அவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். ‘ஆங்கின்’, ‘கேஸ்ட்ரிக்’ என்று சொன்னால் அவர் கை பழக்கத்தில் வெள்ளை மருந்துக்குப் போகும். அதனால் நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். இரண்டு வாரம் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கழித்து வயிறு உப்பியது, ஏப்பமா கீழ்வாயுவா, எந்த இடத்தில், மலம் போனதா, என்ன மாத்திரை எடுக்கிறேன். சித்தப்பாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். போன மாதம் காட்டினார். முதல் பக்கத்தில் மேலே பெரிய எழுத்தில் மருத்துவமனை எண், அதற்குக் கீழே அவர் கையெழுத்தில்: ‘இரவு 9, சப்பாத்தி 3, பருப்பு. 11 மணி தொப்புளுக்குக் கீழே உப்பல். நெஞ்சு ஒன்றும் இல்லை. நடந்தேன்.’